சோக் மாற்றும் துவக்கா, மாறாத துவக்கா? வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தம்பி முறையான ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெரியப்பா விட்டுப்போன பழைய இரட்டைக்குழல் துவக்கு, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி ஒருவழியாக அவன் பெயருக்கு மாறியிருக்கிறது. இனி எந்திரம் வானத்தில் எறியும் களிமண் தட்டைச் சுடப் பழகப் போகிறானாம். "அண்ணை, இதின்ட வாயில மரை வெட்டி சோக் போடலாமா? இல்லாட்டி வித்துப்போட்டு மல்டிசோக் துவக்கு ஒண்டு எடுக்கவா? இல்லாட்டி இப்பிடியே சுடவா?" என்று கேட்டான். தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன், மூன்று பின்னேரம் போய்விட்டது. இதே கேள்வியை வேறு இரண்டு பேரும் கேட்டிருப்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். (மரை என்றதும் காட்டில் மேயும் மரை ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை, இங்கே சொல்வது திருகாணியின் மரையை.)

முதலில் சோக். கொழும்பில் சோக் என்றால் பாதிப் பேருக்கு டியூப் லைட்டின் சோக், மீதிப் பேருக்கு மழைநாளில் ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளின் சோக். துவக்கின் சோக் என்பது குழலின் வாய்ப்பக்கம் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் உள்விட்டம் கொஞ்சம் ஒடுங்குவது, அவ்வளவுதான். மாறாத சோக்கில் அந்த ஒடுக்கம் குழலிலேயே இருக்கும், மல்டிசோக்கில் திருகிப் போட்டுக் கழற்றும் சின்ன டியூப்பில் இருக்கும். 12 போர் என்ற பெயர் ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் வரும் ஒரு உருண்டையின் அளவிலிருந்து வந்தது. அந்த உருண்டையின் விட்டம் 0.729 அங்குலம், கிட்டத்தட்ட 18.5 மில்லிமீற்றர். முழுச் சோக் அதை வாயில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் குறைக்கிறது, கால் சோக் கால் மில்லிமீற்றர்தான் குறைக்கிறது. போட்டோகொப்பிக் கடதாசி பத்துத் தாளை அடுக்கிப் பாருங்கள், அந்தத் தடிப்புத்தான் முழுச் சோக். இரண்டரைத் தாள் கால் சோக். இந்த ஏழரைத் தாள் வித்தியாசத்துக்காகத்தான் ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள், காசு செலவழிக்கிறார்கள், சில பேர் நல்ல குழலையும் கெடுக்கிறார்கள்.

வித்தியாசம் சும்மா இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 40 யார், அதாவது 37 மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சன்னம் (சிதறிப் போகும் சின்னக் குண்டு) விழுகிறது என்பதுதான் பழைய அளவுகோல். சோக்கே இல்லாத நேர்க்குழலில் 100க்கு 40, கால் சோக்கில் 50 முதல் 55 வரை, அரைச் சோக்கில் 60, முழுச் சோக்கில் 70. ஏழரை நம்பர் பருமனில் 24 கிராம் சன்னம் போட்ட கேட்ரிஜில் (தோட்டாவில்) ஏறத்தாழ முந்நூறு சன்னம் இருக்கும். அப்படியென்றால் அந்தத் தூரத்தில் ஒருவனுடைய வட்டத்துக்குள் 120 சன்னம், பக்கத்தில் நிற்பவனுடைய வட்டத்துக்குள் 210. 110 மில்லிமீற்றர் அகலமுள்ள தட்டு அதுவும் விளிம்பைக் காட்டிக்கொண்டு ஓடும்போது 120 சன்னத்துக்கு நடுவில் தப்பிப் போவதற்கு நல்ல இடைவெளி உண்டு. கிட்ட வரும்போது கதை தலைகீழ். 18 மீற்றரில் முழுச் சோக் நாற்பது சென்ரிமீற்றர் அகலத்தில் கட்டியாகப் போய் விழும். பட்டால் தட்டு தூள், ஆனால் படுவதற்கு உங்கள் கை அவ்வளவு நேராக இருக்க வேண்டும்.

ஆகவே என்ன சுடப் போகிறாய் என்று கேட்காமல் சோக் பற்றிக் கதைப்பது வீண். ஸ்கீற் என்ற போட்டியில் இரண்டு பக்கமும் உள்ள எந்திர வீடுகளிலிருந்து வரும் தட்டுகளைப் பெரும்பாலும் இருபது மீற்றருக்குள் உடைக்கிறோம், அதற்குத் திறந்த சோக் வேண்டும். ஒலிம்பிக் ட்ராப்பில் எந்திரம் 15 மீற்றர் முன்னால் குழிக்குள் இருக்கிறது, தட்டு உங்களை விட்டு ஓடுகிறது, முதல் வெடியே முப்பது மீற்றர் தாண்டித்தான் போய்ச் சேரும், இரண்டாவது இன்னும் தூரம். அதற்கு முக்கால், முழு. தம்பியிடம் கேட்டேன். ட்ராப் என்றான். "சரி, ட்ராப்தான் என்றால் முதலில் உன் துவக்கைப் பார்ப்போம்" என்றேன்.

பார்த்தோம். குழல் இரண்டையும் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லை என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. சோக்கைப் பார்க்கும் முன் கேட்ரிஜ் உட்காரும் அறையின் நீளத்தைப் பாருங்கள். பழைய இங்கிலாந்துத் துவக்குகளில் பலது 65 மில்லிமீற்றர் அறை, இப்போது வரும் தட்டுக் கேட்ரிஜ் பெரும்பாலும் 70. நீளமான கேட்ரிஜ் கட்டையான அறைக்குள் சாதுவாகப் போய் உட்காரும், வெடித்து விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். நல்லகாலம், இவனுடையதில் 70க்கான குறி தெளிவாக இருந்தது. வலக்குழல் அரைச் சோக், இடக்குழல் முழுச் சோக். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் காலத்துத் துவக்குகளில் அடிக்கடி காணும் சேர்க்கை இது.

இப்போது மூன்று வழியையும் எடுத்துப் பார்ப்போம்.

இப்படியே விடுவது. கேட்க ஏழைத்தனமாக இருக்கும், ஆனால் ட்ராப் சுடுபவனுக்கு அரையும் முழுவும் ஏற்கெனவே கையில் இருக்கும்போது அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. மாறாத சோக்குக்கு மரை இல்லை, மரை இல்லையென்றால் துருப்பிடித்து இறுகுவதற்கும் ஒன்றும் இல்லை. துடைத்து, எண்ணெய் பூசி வைத்தால் முடிந்தது. வாய் மெல்லியதாக, முன்பாரம் இல்லாமல் இருக்கும், தோளில் வைத்ததும் தானாகத் திரும்பும். ஒரு நாள் ஸ்கீற் ஆசை வந்தால் கூட வழி இருக்கிறது: பிளாஸ்ரிக் வாட் (மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) உள்ளதை விட நார்வாட் கேட்ரிஜ் கொஞ்சம் விரித்துப் போடும், விரிவதற்கென்றே செய்த கேட்ரிஜும் உண்டு. சோக்கை மாற்ற முடியாவிட்டால் கேட்ரிஜை மாற்றலாம் என்பது நம் ரேஞ்சில் எனக்குச் சொல்லித்தந்த கொம்பனித்தெரு நானாவின் பேச்சு. அவர் இருபது வருடமாக ஒரே ஒரு மாறாத சோக் துவக்குத்தான் வைத்திருக்கிறார், என்னை விட நன்றாகச் சுடுகிறார், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

அடுத்தது பழைய குழலில் மரை வெட்டுவது. இதைத்தான் தம்பி ஆசைப்பட்டுக் கேட்டான், இதைத்தான் நான் அழுத்தமாக வேண்டாம் என்கிறேன். வேலை இருக்கிறது, செய்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் டீக், அமெரிக்காவில் ஹூஸ்டனில் பிரைலி, இரண்டு பேரும் பழைய மெல்லிய குழலுக்கென்றே மெல்லிய சுவருள்ள சோக் செய்வதில் பெயர் எடுத்தவர்கள். ஆனால் வேலை என்னவென்று பாருங்கள். குழலின் வாயைக் குடைந்து, உள்ளே மரை வெட்டி, டியூப் வந்து உட்காரப் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பும் எடுக்க வேண்டும். அதன் பிறகும் வெளிச்சுவரில் போதிய உலோகம் மீதி இருக்க வேண்டும். இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடாது, வாய்ப்பக்கம் கொஞ்சம் நெருங்கிப் போகும். வெளிப்பக்கத்தை அளவாக வைத்து லேத்தில் பிடித்தால் சோக் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், குடையும் அச்சு உள்துளையின் அச்சையே பிடித்துப் போக வேண்டும். பத்துத் தாளின் கணக்கு என்றேனே, அதில் இரண்டு தாள் சாய்ந்தால் சன்னக்கூட்டம் நீங்கள் குறிவைத்த இடத்துக்குப் போகாது. இங்கிலாந்தில் இப்படி வெட்டிய குழலைத் திரும்பவும் பரீட்சைக்குக் கொடுத்து முத்திரை வாங்கினால்தான் விற்கலாம்.

கொழும்பில் நல்ல லேத்காரர்கள் இல்லையென்று சொல்லவில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஜப்பான் எஞ்சின் ஒன்றின் உடைந்த தண்டை மத்தியானத்துக்குள் கடைந்து தருவார்கள். ஆனால் துவக்கு என்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் சாமான், அதைத் திருத்துபவருக்கும் அனுமதி வேண்டும், தெருமுனை லேத்தில் கொண்டுபோய்ப் போடும் வேலை இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பி வெட்டுவித்து எடுக்கலாம் என்றால் அனுப்பவும் கடதாசி, திரும்ப எடுக்கவும் கடதாசி. பெரியப்பாவின் துவக்கு அவ்வளவு காலமும் சுங்கத்தில் தூங்கும். அரையும் முழுவும் உள்ள குழலைக் குடைந்து, அதற்குள் அரையும் முழுவும் உள்ள டியூப் போட்டுச் சுடுவதற்கு இந்தப் பாடா?

மூன்றாவது, தொழிற்சாலையிலேயே மரையோடு வந்த மல்டிசோக். 1960களில் வின்செஸ்டர் திருகும் சோக்கோடு சந்தைக்கு வந்தபிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள், இன்று புதிதாக வாங்கும் மேல்கீழ்க்குழல் துவக்கில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். காலையில் ட்ராப், பின்னேரம் ஸ்கீற், விடுமுறைக்கு வந்த மாமாவுக்கு இன்னொன்று என்று ஒரே துவக்கில் எல்லாம் ஆடலாம். நான் வைத்திருப்பதும் இதுதான், எனக்கு இது சரி. ஆனால் இதை வாங்கும்போது கூடவே ஒரு வேலையையும் வாங்குகிறீர்கள், அதை யாரும் விலைச்சீட்டில் போடுவதில்லை.

அந்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில், மூன்றாம் மாடி. ஜன்னல் கிறில்லை விரலால் தடவினால் உப்புப் பிசுபிசுக்கும். துவக்கு வந்த முதல் வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு கீழ்க்குழலில் அரைச் சோக்கைப் போட்டேன், உள்ளே புதைந்து நிற்கும் வகை, வாயோடு சமமாக இருக்கும், வெளியே தெரியாது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியது. குழலைத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், எல்லாம் செய்தேன், சோக்கை மட்டும் கழற்றவில்லை, ஏனென்றால் அது கண்ணில் படவில்லை. டிசம்பரில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரம் துவக்கை எடுத்துச் சோக் சாவியை வைத்துத் திருகினால் அது மலை மாதிரி நிற்கிறது. இன்னும் பலத்தைக் கொடுத்தேன். சாவி வழுக்கியது, டியூப் விளிம்பில் சாவி உட்காரும் வெட்டு ஒன்றின் ஓரம் மழுங்கியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

பதறிப்போய்ப் பக்கத்துத் தெரு வேலைத்தளம் ஒன்றில் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன் (குழலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவ்வளவு மூளை இருந்தது). பைப் ஸ்பனர் போட்டு ஒரே இழுவையில் எடுத்துத் தருகிறேன் என்றார் அந்த மனிதர். ஸ்பனர் பிடிப்பது டியூப்பை இல்லை, குழலை. வாய் நசுங்கினால் துவக்கு போச்சு. நன்றி சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

நானாதான் காப்பாற்றினார். குழலை மட்டும் கழற்றி, வாய் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் நிறுத்தி, டியூப் மூழ்கும் அளவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடச் சொன்னார். வாய் கீழே என்பது முக்கியம், எண்ணெய் குழல் நெடுக ஓடாமல் டியூப் பக்கமே நிற்கும். மூன்றாம் நாள் வாயின் கடைசி நாலு அங்குலத்தை மட்டும் கொதிநீரில் பிடித்தோம், நெருப்புக் கிட்டக் கொண்டு போகவில்லை. நெருப்பில் காட்டினால் குழல்களைச் சேர்த்திருக்கும் பற்றாசும் இளகலாம், மேற்பூச்சும் போகும். பிறகு நீளப்பிடி உள்ள நல்ல சாவியை வாங்கி, வெட்டுகள் இரண்டிலும் முழுதாக உட்காரவைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். கிறீச் என்று ஒரு சத்தம், கால் சுற்று. மறுபடி எண்ணெய், மறுபடி கால் சுற்று. வெளியே வந்த டியூப்பின் மரை முழுவதும் கறுப்பும் மண்ணிறமும் கலந்த களி, வெடிமருந்துப் புகையும் உப்பும் துருவும் பிளாஸ்ரிக் வாட் உருகியதும் சேர்ந்த கூட்டு. டியூப் துருப்பிடிக்காத எஃகுதான், பிடித்தது குழல் பக்கத்து மரை. இரண்டு வேறு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் எளிதில் துருப்பிடிக்கும் உலோகம்தான் முதலில் அரிக்கும். பெட்டியில் துருப்பிடிக்காது என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

அதனால் உள்ளே புதைந்த சோக்கா, வெளியே நீட்டிய சோக்கா என்ற கேள்விக்கு இங்கிலாந்துக்காரனும் கொழும்புக்காரனும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை. புதைந்தது அழகு, பாரம் இல்லை, நீளம் கூடாது, துவக்கோடு இலவசமாக வருகிறது. நீட்டியது வாய்க்கு வெளியே முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் எட்டிப் பார்க்கும், அந்த ஓரத்தில் விரல் பிடிக்கச் சொரசொரப்பாக வெட்டியிருப்பார்கள், பாதி நேரம் சாவியே தேவைப்படாது. கொஞ்சம் முன்பாரம் வரும், விலையும் வேறாகக் கொடுக்க வேண்டும். நீட்டியதில் சன்னக்கூட்டம் இன்னும் சீராக விழும் என்று விற்பவர்கள் சொல்வார்கள், ஒடுங்கும் சரிவு நீளமாக இருப்பதால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம், ஆனால் என் கடதாசியில் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. நான் காசு கொடுத்தது வேறொன்றுக்கு: அது கண்ணுக்குத் தெரிகிறது. ரேஞ்சிலிருந்து வந்து குழலைத் துடைக்கும்போது எட்டிப் பார்க்கும் அந்த வளையம் என்னையும் கழற்று என்கிறது, கை தானாகப் போகிறது. இன்னொன்று, நீட்டியதன் மேல் எழுத்திலேயே அளவு இருக்கும், துவக்கை மூடியபடி வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. துவக்கின் வாயை நேராகப் பார்க்கும் எந்தப் பழக்கத்தையும் நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

வாயில் துளைகள் போட்ட சோக் பற்றியும் கேட்பார்கள். பின்னடி குறையும் என்கிறார்கள், தட்டுக் கேட்ரிஜில் அது உணரும்படி இல்லை, சத்தம் மட்டும் பக்கத்தில் நிற்பவனின் காதுக்குக் கூடுகிறது, துளைக்குள் பிளாஸ்ரிக் அடைந்தால் குண்டூசி வைத்துக் கிண்ட வேண்டும். எனக்கு வேண்டாம்.

வாங்கும்போது எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொம்பனிப் பெயர் ஒன்றாக இருந்தால் சோக்கும் பொருந்தும் என்று நினைப்பது. பெரெட்டாவில் மொபில்சோக் வேறு, ஒப்டிமாசோக் வேறு. பிரவுனிங்கில் இன்வெக்டர் சாதாரண 0.729 போன்ற குழலுக்கு, இன்வெக்டர் பிளஸ் 0.742 வரை அகலமாகக் குடைந்த குழலுக்கு. ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. அரைகுறையாகத் திருகி உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துச் சுட்டால், டியூப்பின் உள்விளிம்பு குழலுக்குள் படி மாதிரி நீட்டி நிற்கும், சன்னக்கூட்டம் அந்தப் படியில் போய் இடிக்கும், பிறகு டியூப் எங்கே போகும் குழல் எங்கே பிளக்கும் என்று சொல்ல முடியாது. சோதிக்க எளிதான வழி, குழலைக் கழற்றிப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பார்ப்பது. டியூப் தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாகத் தெரியலாம், உள்ளே துருத்தும் விளிம்பு எந்தப் பக்கத்திலும் தெரியக் கூடாது. பழைய சாமான் விற்பவரிடம் பெட்டி இல்லாமல் டியூப் வாங்கினால் இந்தப் பார்வை இல்லாமல் ஒரு வெடியும் வைக்காதீர்கள்.

அளவுக் குறியிலும் குழப்பம் உண்டு. பெரெட்டா டியூப்பின் விளிம்பில் ஒரு வெட்டு என்றால் முழு, இரண்டு முக்கால், மூன்று அரை, நாலு கால், ஐந்து நேர்க்குழல். வெட்டுக் கூடக் கூடச் சோக் குறைகிறது, புதியவர்கள் எல்லோரும் தலைகீழாகத்தான் எண்ணுவார்கள். பிரவுனிங் நட்சத்திரம் போடுகிறது, அங்கேயும் ஒரு நட்சத்திரம்தான் முழு. எஃகுச் சன்னம் சுடுபவர்கள் அரைக்கு மேல் போக வேண்டாம், ஈயம் மாதிரி அது நசுங்கிக் கொடுக்காது. நம் பக்கம் ஈயம்தான் என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

எத்தனை வாங்குவது? ஐந்து வாங்கி லாச்சிக்குள் அடுக்கி வைத்த ஆள் நான், உண்மையில் போடுவது கால், முக்கால், முழு மூன்றும்தான். ஸ்கீற்றுக்குக் கால் சோக்கையே இரண்டு குழலிலும் போடலாம் என்றால் கால் இரண்டு வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. நின்று சுடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சோக் மாற்றுபவனை ரேஞ்சில் பார்த்திருக்கிறேன், சாவியைத் தேடுவதிலேயே அவனுக்கு நாள் போய்விடும். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு டியூப்பையும் ஒரு முறை கடதாசியில் சுட்டுப் பாருங்கள். ஜனவரியில் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி ஒரு மீற்றர் சதுரமாக்கி, ரேஞ்சில் கேட்டுக்கொண்டு, உங்கள் தூரத்தில் ஒரு வெடி. நடுவில் 76 சென்ரிமீற்றர் வட்டம் கீறி ஓட்டைகளை எண்ணினால் உங்கள் துவக்கு, உங்கள் கேட்ரிஜ் எப்படி என்று தெரியும். என் துவக்கில் முக்கால் என்று எழுதியிருப்பது ஒரு கேட்ரிஜில் முழுவாகவே விழுகிறது. அந்தக் கேட்ரிஜுக்கு முழுச் சோக் தேவையே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இனிப் பராமரிப்பு. போடும்போது குழலைக் கழற்றி, இரண்டு துளையும் வெறுமை என்று பார்த்து, மரை இரண்டு பக்கத்தையும் சீலையால் துடைத்து, டியூப்பின் மரையில் மட்டும் மெல்லிய பூச்சு. டியூப்பை உள்ளே வைத்ததும் உடனே முறுக்கக் கூடாது. முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றினால் ஒரு சின்ன டிக் விரலில் படும், மரை மரையோடு சந்திக்கும் இடம் அது, அங்கிருந்து இறுக்கும் பக்கம். முழுவதும் விரலாலேயே போக வேண்டும், நடுவில் பிடித்தால் மரை பிசகியிருக்கிறது, வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். கடைசியில் சாவியால் இரண்டு விரல் பலம் காணும். தளர்வாக விட்டால் புகை பின்னால் புகுந்து டியூப்பின் பின்விளிம்பை உப்பவைக்கும், உப்பிய டியூப் லேசில் வெளியே வராது. அதனால் 25 தட்டுச் சுட்டபிறகு துவக்கைத் திறந்து, வெறுமை பார்த்து, இறுக்கம் ஒரு தரம் பாருங்கள். சூட்டில் தளர்வது சாதாரணம். டியூப் இல்லாமல் வெறும் மரையோடு ஒருபோதும் சுடக் கூடாது, ஒரு வெடியிலேயே மரைக்குள் பிளாஸ்ரிக்கும் ஈயமும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சுக்கு என்ன? தையல் மெஷின் எண்ணெய் எல்லா வீட்டிலும் இருக்கும், குழலின் உடம்பைத் துடைக்க நல்லது, மரைக்கு நிற்காது, சூட்டில் ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் பூசியவரை எனக்குத் தெரியும், பிசினாகிப் போய் நின்றது. ஸ்பிரே எண்ணெய் அழுக்கு எடுக்க, ஈரம் விரட்டச் சரி, அதையே மாதக்கணக்கில் காவலுக்கு வைக்க முடியாது. பஞ்சிகாவத்தையில் ஸ்பார்க் பிளக் மரைக்கும் சைலன்ஸர் போல்ற்றுக்கும் பூச விற்கிறார்களே செம்பு நிறக் கிரீஸ், இறுகாமல் காக்கும் அந்த வகை, அதுதான் சரியான சாமான். ஒரு சின்னக் குழாய் வாங்கினால் ஐந்து வருடம் போதும். மரையில் ஒரு பருக்கைச் சோறு அளவு வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் பரப்புங்கள், அள்ளிப் பூசினால் அழுக்கைத்தான் பிடிக்கும்.

சுட்டுவிட்டு வந்த அன்றே டியூப்பைக் கழற்றிவிட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்பது எங்கள் ஊர்க் காற்றில் இல்லை. ஜாம் போத்தலில் கிளீனர் விட்டு ஊறவைத்து, நைலோன் பிரஷ்ஷால் உள்ளே உருவினால் வாட்டின் பிளாஸ்ரிக் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வரும். நன்றாகக் காயவைத்துப் பூசி, காலநிலை மோசமென்றால் குழலில் திருப்பிப் போடாமல் தனியாகவே வைக்கிறேன். பஞ்சு வைத்த பெட்டிக்குள் துவக்கைத் தூங்கப் போட வேண்டாம், அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் குழலுக்கே ஊட்டும். பூட்டிய இரும்பு அலுமாரியில், உலர வைக்கும் சிலிக்கா பொட்டலங்களோடு நிறுத்தி வைக்கலாம்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: ஒரு வருடம் ஒன்றும் செய்யாதே. அரையும் முழுவும் ட்ராப்புக்கு உள்ள சோக், மரை வெட்டும் காசைக் கேட்ரிஜில் போடு. வருட முடிவில் ஸ்கீற் பக்கம் மனம் போனால் அப்போது ஒரு மல்டிசோக், நீட்டிய டியூப் மூன்றோடு, பெரியப்பாவின் துவக்கை விற்காமல். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், புதுச்சாமான் வாங்கும் ஆசையோடு வந்தவனிடம் ஒன்றும் வாங்காதே என்றால் எப்படி இருக்கும். போகும்போது என் மேசையில் இருந்த ஜாம் போத்தலைத் தூக்கிப் பார்த்தான், அடியில் மழுங்கிய வெட்டோடு அந்தப் பழைய அரைச் சோக் கிடந்தது. "இதை ஏன் அண்ணை இன்னும் எறியேல்ல?" என்றான். கேட்ரிஜ் வாங்கப் போகும்போது என்னையும் கூப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.